மூன்று நாளுக்கு மேல்

பரசுராமனுக்குப் பணம் போன வருத்தம் கொஞ்சம்தான். அது சரியாக எந்த நிமிடத்தில் போனது என்கிற குடைச்சல்தான் அதிகம்.

திங்கட்கிழமை காலை. திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற தன் காவடி வாடகைக் கடையில் உட்கார்ந்து, கிருத்திகைக் கூட்டத்தில் அடிபட்டுத் திரும்பியிருந்த ஒரு காவடியின் மயில்தோகைக்கு நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசி ஒரு முறை உறுமியது. கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி. தாமதக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. தொண்ணூறு.

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு கேள்வி. சரக்குக்கும் சேவைக்கும்தானே அந்த வரி? அப்படியென்றால் தாமதம் சரக்கா, சேவையா? சேவை என்றால் இங்கே யார் யாருக்குச் சேவை செய்தார்கள்?

இப்படி இடம் தெரியாமல் யோசித்து மாட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில், ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்ப, மூன்றாவது குழாய் காலி செய்கிறது என்று கேள்வி வந்தது. மூன்றாவது குழாயை மூடித் தொலைக்காமல் என்ன செய்கிறார்கள் இந்த வீட்டில் என்று முக்கால் மணி நேரம் யோசித்தார். கணக்கில் முப்பத்தாறு வாங்கினார். அந்த வீடு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

“இன்னா பாவா, தோகைய எண்ணிகினு கீறியா?”

டில்லிபாபு வந்து நின்றான். பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு இரண்டு தறி போட்டு லுங்கி நெய்கிறவன். பரசுராமனின் மனைவி ஜெயம்மாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த உறவுக்கு வாடகையில் தள்ளுபடி உண்டு என்பது அவனுடைய நம்பிக்கை.

“நாளைக்குச் செவ்வாக்கெழம. பெரியவனுக்கு மொட்ட அடிச்சிட்டு நான் காவடி எடுக்கறன். நல்லதா ஒண்ணு குடு. போன தபா குடுத்தது பாதி மலை ஏறும்போதே சலங்க கொட்டிகினு வந்துச்சு.”

“நீ ஆடின ஆட்டத்துக்கு மலையே கொட்டியிருக்கணும். சலங்கையோட போச்சேன்னு சந்தோஷப்படு.”

“முந்நூறுல எனக்கு எவ்ளோ கொறைப்ப?”

“சொந்தக்காரனுக்கு அம்பது கூடன்னு போர்டுல எழுதலாம்னு கீறேன்.”

கடை வாசலில் போர்டு தொங்கியது. ‘காவடி வாடகை மூன்று நாள் ரூ.300. அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு ரூ.50.’ அட்வான்ஸ் ஐந்நூறு. டில்லிபாபு எண்ணூறு ரூபாயை நீட்டினான். உள்ளேயிருந்து ஜெயம்மாள் வந்து வாங்கி, முந்நூறை மேசை இழுப்பறையிலும் ஐந்நூறை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலும் போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், இவர்களுடைய ஒரே மகள் கல்பனா ஏழு வயதில் டெங்கு காய்ச்சலோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜெயம்மாள் வராந்தாவில் நின்றபடி முருகனுக்கு ஒரு நேர்த்தி நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்தால், செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாள்களில் தன் வீட்டிலிருந்து ஒரு காசு வெளியே போகாது. இது என்ன விதமான நேர்த்தி என்று பரசுராமன் அப்போதே கேட்டார். “கேக்க வேண்டியத கேட்டாச்சு. கடைத்தெருவுல போய் வாங்கறதுக்கு எனக்கு இன்னொரு புள்ள கெடையாது, அவ்ளோதான்” என்றாள். ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறின. மருந்தால் ஏறியதா, முருகனால் ஏறியதா என்பதை பரசுராமன் இன்றுவரை முடிவு செய்யவில்லை. டாக்டருக்கு ஒரு கூடை மாம்பழம், முருகனுக்கு ஒரு மொட்டை என்று இரண்டு பக்கமும் சரிக்கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அன்று முதல் அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமைப் பால் திங்கட்கிழமையே வாங்கப்படும். வெள்ளிக்கிழமை ஆட்டோ கிடையாது, நடை. கைப்பேசியில் ஸ்கேன் செய்து அனுப்பினாலும் காசு காசுதான் என்று ஜெயம்மாள் தீர்ப்பு சொல்லியிருந்தாள். ஆனால் வாடிக்கையாளரின் அட்வான்ஸை எந்த நாளிலும் திருப்பித் தரலாம். “அது நம்ம பணம் இல்ல. நம்ம வூட்ல தூங்கிகினு கீது. எழுந்து போறவங்கள யாரு தடுக்கறது?” அதற்காகத்தான் தனி டப்பா.

சிக்கல் எங்கே என்றால், காவடிக் கடைக்குப் பணம் வருவதே கிருத்திகையன்றுதான். வருகிற நாளில் போகக் கூடாது. போக வேண்டிய நாளில் கையில் இருக்காது. இதற்கு மருந்தாகத்தான் போன வருடம் கிரெடிட் கார்டு வந்தது. ஜரிகை, மணி, சலங்கை, பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் கார்டில் வாங்கிப் போடுவது, கிருத்திகைக்குப் பிறகு கட்டுவது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வங்கியின் கெடு தேதி மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. கிருத்திகை இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை. என்றைக்காவது இரண்டும் ஒரே சந்தில் எதிரெதிரே வரத்தானே செய்யும்? இந்த மாதம் வந்தது. கெடு புதன்கிழமை, அன்றைக்குக் கைப்பணம் முழுக்கச் சரக்காகக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. வியாழன் கிருத்திகை, பணம் வந்தது, போகக் கூடாது. அடுத்தது வெள்ளி. சனிக்கிழமை காலை குளித்துவிட்டு முதல் வேலையாக பரசுராமன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாயையும் கட்டினார். முருகன் புரிந்துகொள்வார் என்பது தெரியும். வங்கியும் புரிந்துகொள்ளும் என்று நினைத்ததுதான் தவறு.

ஐந்நூற்றுத் தொண்ணூறு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பயம் அதுவல்ல. பக்கத்துப் பூக்கடை கெங்கம்மாள் போன வருடம் வட்டிக்கு வாங்கி நேர்த்தி செலுத்தியபோது ஜெயம்மாள் சொன்னது அவர் காதிலேயே இருந்தது.

“நேர்த்தின்னா நேந்துகினவதான் சொமக்கணும். வூட்ல இன்னொருத்தர் தலைல ஒரு ரூபா ஏறினாலும் அது நேர்த்தி இல்ல, வீம்பு. எனக்கு அப்டி ஒரு நாள் வந்துச்சுன்னா மலையேறிப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுவேன்.”

சொன்னால் செய்கிறவள். இந்தக் குறுஞ்செய்தி அவள் கண்ணில் பட்டால் நேர்த்தி மலையேறிவிடும். பட்டால் என்ன, கல்பனா இப்போது அரக்கோணத்தில் கல்லூரி விடுதியில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, மேலும் பணம் அனுப்பச் சொல்லிக்கொண்டு, ஆரோக்கியமாகத்தானே இருக்கிறாள்? பரசுராமனுக்கு பக்தி என்பது வாடகைக்கு விடுகிற சாமான். ஆனாலும் பிள்ளைக்காக நேர்ந்ததைத் திருப்பிக் கொடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். செய்திகளை அழிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் ஜெயம்மாள் காதில் விழாத தூரத்தில், ராஜமாணிக்கத்தின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வங்கியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டார். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, கார்டு எண்ணை அடித்து, இரண்டு டீ குடித்து முடித்த பிறகு ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

“சார், உங்க டியூ டேட் புதன்கிழமை. பேமெண்ட் அதுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. அதனால லேட் ஃபீ அப்ளை ஆயிருக்கு சார்.”

“அது தெரியுதும்மா. நான் கேக்கறது வேற. புதன்கிழமை முடிஞ்ச அடுத்த நிமிஷமே நான் லேட்டா, இல்ல கொஞ்சம் நேரம் குடுத்து அப்பறமா லேட்டா?”

“டியூ டேட்டுக்குள்ள கட்டணும் சார்.”

“கட்டல. ஒத்துக்கறன். கட்டாதவன எப்பலேந்து திட்டலாம்னு ஒரு நேரம் வெச்சிருப்பீங்க இல்ல, அத்த சொல்லு.”

அந்தப் பக்கம் சற்று நேரம் விசைப்பலகை ஓசை. “இது பேங்க் பாலிசி சார்.”

“பேங்குக்கு மேல யாரு?”

“சூப்பர்வைசர் லஞ்ச்ல இருக்கார் சார்.”

பரசுராமன் நன்றி சொல்லி வைத்தார். அந்தப் பெண்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவளும் யாரோ எழுதிக்கொடுத்த போர்டைப் படிக்கிறவள்தானே.

“பேங்குக்கு மேல சூப்பர்வைசர் இல்ல நைனா, ரிசர்வ் பேங்கு” என்றார் டீ ஆற்றிக்கொண்டே ராஜமாணிக்கம். “என் மச்சினன் லோன்ல கோளாறு வந்தப்ப, அவங்க போட்ட ரூல காட்டினதும் கப்சிப்புனு அடங்கிட்டாங்க. நீ போன்ல பேசாத. நேரா போயி, ரூல் இன்னான்னு கேளு.”

பரசுராமனுக்கு அது இன்னும் ருசியாக இருந்தது. தாமதத்துக்கே ஒரு விதி இருக்கிறது; அந்த விதியை எழுத ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.

செவ்வாய்க்கிழமை ஜெயம்மாள் வழக்கம்போல முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி மலைக்குப் போய் வந்தாள். வழக்கமாகத் திரும்பி வந்ததும் வரிசை எவ்வளவு நீளம், யார் யாருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் வந்துவிடும். அன்றைக்கு எதுவும் வரவில்லை. முட்டி வலி என்று பரசுராமன் எண்ணிக்கொண்டார். கணவன்மார்கள் இந்த மாதிரி நேரங்களில் எதையாவது எண்ணிக்கொள்கிறார்கள்.

புதன்கிழமை காலை வங்கிக் கிளைக்குப் போனார். கார்டு வாங்க வைத்ததே அங்கே இருக்கிற புவனாதான். கே.ஜி.கண்டிகைப் பெண். ‘வாழ்நாள் முழுக்க இலவசம் அண்ணா’ என்று சிரித்த அதே முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“புவனா, தாமதம்னா இன்னா?”

“காலங்காத்தால பெரிய கேள்வியா கேக்கறீங்களே அண்ணா.”

குறுஞ்செய்தியைக் காட்டினார். ரிசர்வ் வங்கி இதற்கு ஏதாவது விதி போட்டிருக்கிறதா என்று கேட்டார். புவனா கார்டு விற்பதற்கு எத்தனையோ பயிற்சி பெற்றவள். இந்தக் கேள்விக்கு ஒரு பயிற்சியும் பெற்றிருக்கவில்லை. ஆனால் அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. கணினியில் ரிசர்வ் வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்து, கிரெடிட் கார்டு பற்றிய நெடுநீள உத்தரவில் தேடினாள். டோக்கன் எண் பன்னிரண்டு கவுண்டரில் கத்திக்கொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

“இதோ கீது அண்ணா.” அவளுடைய அலுவலகத் தமிழ் நழுவியது. “கணக்கு மூணு நாளுக்கு மேல பாக்கியா நின்னாதான் தாமதக் கட்டணம் போடலாமாம். அந்த மூணு நாள ஸ்டேட்மெண்ட்ல இருக்கற கெடு தேதியிலேந்து எண்ணணுமாம். அதுவும் கெடுவுக்கு அப்புறம் எவ்வளவு பாக்கி நிக்குதோ அந்தத் தொகைக்குத்தான் போடணுமாம்.”

“மூணு நாளுக்கு மேல” என்று பரசுராமன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பொய்கைக் கரையில் நின்று நிமிர்ந்தால் திடீரென்று கோபுரம் தெரியுமே, அது மாதிரி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் விரலை மடக்கினார்கள்.

“புதன் ஒண்ணு. வியாழன் ரெண்டு. வெள்ளி மூணு.”

“சனி நாலு” என்று புவனா முடித்தாள்.

திருத்தணியில் பிறந்தவர்கள் வேறு எப்படியும் எண்ண மாட்டார்கள். மாலை போட்ட நாள்தான் விரதத்தின் முதல் நாள். சஷ்டிக்கு ஆறு நாள் என்றால் காப்புக் கட்டிய அன்றைக்கே ஒன்று. கடைப் போர்டில் இருக்கிற மூன்று நாளையும் பரசுராமன் இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் எண்ணுகிறார். தொடங்குகிற நாளை விட்டுவிட்டு எண்ணுவது, முதல் படியை மிதிக்காமல் மலையேறுகிற மாதிரி.

“ஒரே ஒரு நாள்ல போச்சே அண்ணா” என்றாள் புவனா. அவளுக்கு உண்மையாகவே வருத்தம்.

“போவட்டும். இது இன்னாத்துக்கு மூணு? ஏன் ரெண்டு இல்ல, அஞ்சு இல்ல? யாரு எழுதினது இத்த?”

“அதுல பேரெல்லாம் போட மாட்டாங்க அண்ணா.”

கடைக்கு நடக்கும்போது அந்தப் பேர் போடாதவரைப் பற்றியே யோசனை. மும்பையில் ஒரு பெரிய அறை. நீள மேசை. ஒருவர், ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது என்றிருப்பார். இன்னொருவர், ஜனங்கள் பாவம், ஒரு வாரம் கொடுங்கள் என்றிருப்பார். மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், மூன்று என்றிருப்பார். ஏன் மூன்று? அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாளோ, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கட்டுங்கள் என்று சொல்கிறவள்? இவ்வளவு யோசித்தவர் இன்னும் ஒரு நாள் யோசித்திருக்கக் கூடாதா?

அந்த ஒரு நாள்தான் இப்போது ஜெயம்மாளின் நேர்த்திக்கும் மலைக்கும் நடுவில் இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்து, வேறு எதுவும் கூடவே வந்துவிடுமோ என்று மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை டில்லிபாபு காவடியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். மொட்டையடித்த பையனின் சந்தனம் அவன் சட்டையில் காய்ந்திருந்தது.

“பாத்துக்க பாவா. ஒரு சலங்க கொறையல. அட்வான்ஸ குடு, பத்தேகால் பஸ்ஸ புடிக்கணும்.”

பரசுராமன் தோகையைச் சரிபார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் விரலை மடக்கினார். “திங்கள், செவ்வா, புதன், வியாழன். நாலு நாள் ஆச்சு. அம்பது புடிச்சிக்கறன்.”

“இன்னாது?”

“போர்டப் படி. மூணு நாளுக்கு மேல நாளுக்கு அம்பது.”

“போர்டு எனக்கு மனப்பாடம். திங்கக்கெழம பத்தரைக்கு எடுத்துகினு போனேன். இப்ப மணி இன்னா?”

கடிகாரம் பத்தாகப் பத்து நிமிடம் என்றது.

“அப்ப இன்னும் மூணு நாளே முடியல. நாப்பது நிமிஷம் பாக்கி கீது. நாயமா பாத்தா நீ எனக்குத் தரணும்.”

“எடுத்த நாளையும் சேத்துத்தாண்டா எண்ணணும். எல்லாரும் அப்டித்தான் எண்றோம்.”

“வெரதத்துக்கு எண்ணு, வேணாங்கல. வெரதத்துல நாள் கூடினா புண்ணியம். இங்க நாள் கூடினா அம்பது ரூபா. ரெண்டும் ஒண்ணா?” டில்லிபாபு காவடியைக் கீழே வைத்தான். தறி ஓசையில் பேசிப் பழகிய தொண்டை. கெங்கம்மாள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “சரி, ஒரே ஒரு கேள்வி. திங்கக்கெழம எடுத்தேனே, அன்னிக்கு சாய்ந்தரமே கொணாந்து குடுத்திருந்தா நான் லேட்டா?”

“எடுத்த அன்னிக்கே எப்டிடா லேட்டாவ?”

“ஆங். லேட்டாவாத நாள இன்னாத்துக்கு லேட்டு கணக்குல எண்ற?”

பரசுராமன் மடக்கியிருந்த முதல் விரலை நிமிர்த்தினார்.

“இதே மாதிரிதான் போன வருஷமும் புடிச்ச” என்று டில்லிபாபு தொடர்ந்தான். “நல்லவேள, அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திருப்பிக் குடுத்துச்சு.”

“அக்காவா? எந்த அக்கா?”

“உன் பொண்டாட்டிதான். எனக்கு மட்டுமா, ஆர்.கே.பேட்டைக்காரன் ஒருத்தனுக்கும் குடுத்துச்சே. உனக்குத் தெரியாதா?”

ஜெயம்மாள் உள்ளே மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “எடுத்த நாள் நாள் இல்ல. நான் எப்பவும் சேக்கறதில்ல” என்று மட்டும் சொன்னாள்.

ஆக, இருபத்திரண்டு வருடமாக பரசுராமன் ஒரு வங்கி நடத்தியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு ரிசர்வ் வங்கி உள்ளறையில் மணி கோத்துக்கொண்டிருந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அவர் இதைப் பற்றியே ஒரு வாரம் யோசித்திருப்பார். இப்போது நேரமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார்.

“பாவா, என் அட்வான்ஸு?”

“அக்காவ கேளு” என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.

கிளையில் புவனாவுக்கு முன்னால் யாரோ நகைக் கடனுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பரசுராமன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“கெடு புதன்கிழமை. நான் புதன்கிழமை சாய்ந்தரம் கட்டியிருந்தா லேட்டா?”

“இல்லண்ணா. அன்னிக்கு முழுக்க டைம் இருக்கே.”

“அப்ப புதன்கிழமைய எப்டி லேட்டுல எண்ணினோம்?”

புவனா அவரைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். மடக்கினாள். “வியாழன் ஒண்ணு. வெள்ளி ரெண்டு. சனி மூணு.” கடைசி விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, “மூணு நாளுக்கு மேல ஆகவே இல்ல அண்ணா” என்றாள். நகைக் கடன்காரர்களும் எண்ணிப் பார்த்தார்கள்.

பிறகு அவருடைய கணக்கைத் திறந்து துருவினாள். கண்கள் சுருங்கின. “எங்க சிஸ்டம் வேற ஒரு வேலை பண்ணியிருக்கு. சனிக்கிழமை நீங்க கட்டினது உங்க போன்ல இருக்கு. இங்க அத திங்கட்கிழமைன்னு வரவு வச்சிருக்கு. அன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை, அப்புறம் ஞாயிறு. ரெண்டு நாளும் லீவு இல்லையா.”

பரசுராமன் முகம் மலர்ந்தது. “அப்ப உங்க பேங்குக்கும் நேர்த்தி கீதா? சில நாள்ல பணம் உள்ள வரக் கூடாதுன்னு?”

புவனா சிரிப்பை அடக்கிக்கொண்டு புகார் பதிவு செய்தாள். பணம் கட்டிய ரசீதைப் படமெடுத்துச் சேர்த்தாள். உத்தரவின் அந்த வரியையும் சேர்த்தாள். புகார் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முப்பது நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு செலவில்லை என்றும் சொன்னாள். அந்த முப்பதை எப்படி எண்ணுவது என்று பரசுராமன் கேட்க நினைத்தார். நகைக் கடன்காரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவர் திரும்பியபோது டில்லிபாபு போயிருந்தான். பிஸ்கட் டப்பாவில் ஐந்நூறு குறைந்திருந்தது, முழுசாக. பரசுராமன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெயம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தார். புகார் எண் எழுதிய தாளை மேசையில் வைத்தார். சொல்லாமல் இருக்க வேண்டிய காரணம் போய்விட்டது. இனிமேல் சொல்லாவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

“ஜெயா, ஒண்ணு சொல்லணும். பேங்குல லேட்டுன்னு ஒரு ஐந்நூத்தித் தொண்ணூறு...”

“தெரியும்.”

“எப்டி?”

“திங்கக்கெழம சாய்ந்தரம் உன் போன என்கிட்ட குடுத்துட்டுத்தான குளிக்கப் போன. அஞ்சு ஒம்போது சைபர்னு எனக்குப் படிக்கத் தெரியாதா?” அவள் ஒரு மணியை நூலில் தள்ளினாள். “நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்.”

பரசுராமனுக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. முட்டி வலி ஞாபகம் வந்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்டார். “திருப்பிக் குடுத்துட்டியா?”

“குடுக்கத்தான் போனேன். டிக்கெட்டு எடுக்கக் கூடாதே, தர்ம தரிசன வரிசைல ரெண்டு மணி நேரம் நின்னேன். கிட்ட போனதும் வாய் வரல.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்தப் புள்ள ஆஸ்பத்திரில கெடந்த மூஞ்சிதான் வந்துச்சு. சரி, மூணு நாள் டைம் குடு, இந்த மனுசன் ஏதோ அலைஞ்சிகினு கீறாரு, இன்னா ஆவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்றன்னு கேட்டுகினு வந்துட்டேன்.”

பரசுராமன் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். புதன் கணக்கில் இல்லை என்பதை, வியாழன் ஒன்று என்பதை, மூன்று நாளுக்கு மேல் என்பதை, மும்பையில் மூலையில் உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றிக்கூட ஒரே மூச்சில் சொன்னார். கெடு நாளும் அதற்குப் பின்னால் மூன்று நாளும் ஆக நான்கு நாள். செவ்வாயும் வெள்ளியும் கிருத்திகையும் ஒன்றாகச் சேர்ந்து வந்து மறித்தாலும் அந்த நான்கில் ஒரு நாளாவது திறந்திருக்கும் என்று காலண்டரைக் கழற்றிக் காட்டினார். “உன் நேர்த்திக்கு ஒரு ரூபா செலவு இல்ல. அவங்க ரூல்லயே அதுக்கு எடம் கீது.”

ஜெயம்மாள் காலண்டரை வாங்கி, தானே ஒரு முறை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். அவள் யாரையும் சும்மா நம்புகிறவள் இல்லை. பிறகு அதை ஆணியில் மாட்டினாள்.

“ஏன் மூணு நாள் கேட்ட?” என்றார் பரசுராமன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் எழுந்திருக்க முடியாது.

“நம்ம போர்டுல போட்டு கீதே. எனக்குத் தெரிஞ்ச கெடு அதான்.”

அவர் விரலை மடக்கினார். “செவ்வாக்கெழமைய சேத்தா இன்னியோட முடியுது. சேக்கலன்னா நாளைக்கு. அவரு எப்டி எண்ணுவாரு?”

“அவரு இன்னா உன்ன மாதிரி கடையா வெச்சிகினு கீறாரு?” என்றாள் ஜெயம்மாள். மூன்று நாளாக வராத சிரிப்பு அது.

ஐந்நூற்றுத் தொண்ணூறும் அடுத்த செவ்வாய்க்கிழமை கணக்குக்குத் திரும்பி வந்தது, செய்யாத சேவைக்கு வாங்கிய வரி உட்பட. உள்ளே வருகிற பணத்துக்குச் செவ்வாய்க்கிழமை தடையில்லை. அன்றைக்கே பெயிண்டர் சூர்யபிரகாஷ் வந்து புதுப் போர்டு எழுதினான். ‘காவடி வாடகை மூன்று நாள் ரூ.300. எடுத்துச் செல்லும் நாள் கணக்கில் சேராது.’ அதற்குக் கீழே ஐம்பது ரூபாய் வரியை எழுதப் போனவனை ஜெயம்மாள் நிறுத்தி, ‘நாலாம் நாளுக்கு மேல்’ என்று மாற்றச் சொன்னாள். பரசுராமன் ஆட்சேபிக்கவில்லை. மேலிடத்து உத்தரவு.

எழுதி முடித்து, தூரிகையைத் துடைத்துக்கொண்டு சூர்யபிரகாஷ் கையை நீட்டினான். “நானூறு ரூபாங்க.”

பரசுராமன் ஜெயம்மாளைப் பார்த்தார். ஜெயம்மாள் காலண்டரைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காத்தால வா தம்பி.”

“நாளைக்கா? வேல இன்னிக்கே முடிஞ்சுதே.”

“இன்னிக்கு முடிஞ்சுது. இன்னிக்கு கணக்குல சேராது” என்றார் பரசுராமன். “நீயே இப்பத்தான எழுதின.”